இறங்காத பிளேன்

புதுச்சத்திரம்
9 ஜூன் 2024

அன்பும் மரியாதையும் உள்ள காளியண்ணன் மாமாவுக்கு,

உங்கள் தங்கச்சி மகன் தீனதயாளன் வணக்கமுங்க. இங்கே நான், வீட்டுக்காரி தனப்பிரியா, கோழிகள் எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தையும் உங்கள் முழங்காலின் சுகத்தையும் தனித்தனியாக எழுதுங்க.

போன வாரம் போனில் கூப்பிட்டேன். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லீங்க மாமா"ன்னேன். நீங்க "சந்தோசம், சந்தோசம்"னு சொல்லி வெச்சுட்டீங்க. ஏர்போர்ஸில் ஜெட் ஓட்டின காதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கொஞ்ச நேரம் ஒரு மாதிரியாத்தான் இருந்தது. அதனால் போஸ்ட் ஆபீஸ் போய் தபால் கவர் கேட்டேன். அங்கிருக்கற பொண்ணு என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, "யாருக்குங்கண்ணா, லவ் லெட்டரா?"ன்னா. ஐம்பத்திரண்டு வயசு, வழுக்கை, சட்டையெல்லாம் கோழித் தீவனம். அந்தப் பொண்ணுக்கு ரொம்ப நல்ல மனசு.

விஷயத்துக்கு வாரேன். ஒரு மாசமா நம்ம பண்ணைக்கு மேலே பிளேன் சத்தம் கேக்குது. பிளேன் இல்லை, சத்தம் மட்டும். சேலத்துக்கு வந்து போற பிளேனோன்னு கேப்பீங்க. அது காமலாபுரம் ஏர்போர்ட்டோட சரி, நேரமும் வேற. இது விளக்கு வெக்கிற நேரத்துக்குக் கொல்லிமலைப் பக்கமிருந்து வந்து, ஷெட்டுக்கு மேலே சுத்திட்டுப் போகுது. முதலில் அம்மாவுக்குக் கேட்டது, அப்புறம் கோழிகளுக்கு. எனக்கு இன்னும் கேக்கலை. நம்ம வீட்டில் எதுவும் கடைசியாத்தான் எனக்கு வரும். அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கிட்டுக் கழுத்தை நீட்டுதுங்க. மறுநாள் ஓடே இல்லாம தோல்முட்டையா வருது. முட்டை ஏத்த வர்ற கதிர்வேல், "ஏனுங்க, பலூன் யாவாரத்துக்கு மாறிட்டீங்களா?"ங்கறான்.

கோழியை விடுங்க. அம்மா தினமும் சாயங்காலம் ரெண்டு வெள்ளை வேட்டியை எடுத்துக்கிட்டு, ஷெட்டுகளுக்கு நடுவே இருக்கற காலி நிலத்துக்குப் போறா. ஒண்ணை நீளமா, இன்னொண்ணை அதன் தலைமாட்டில் குறுக்கா, இங்கிலீஷ் T மாதிரி விரிச்சு மூலைக்கு மூலை கல் வெக்கறா. கேட்டா, "பிளேன் எறங்க எடம் தெரியாம சுத்துது சாமி. காட்டோணுமல்ல?"ங்கறா. வேட்டி என்னோடது. பொங்கலுக்கு எடுத்தது.

இதோட போயிருந்தா சிரிச்சுட்டு விட்டிருப்பேன் மாமா. அம்மாவுக்கு இதயத் துடிப்பு விட்டு விட்டு வருதாம். பேஸ்மேக்கர் வெச்சே ஆகணும், தள்ளிப்போட்டா எந்த நேரமும் எதுவும் ஆகலாம்னு சேலத்து டாக்டர் சொல்லிட்டார். அம்மா சொல்றது ஒண்ணே ஒண்ணு: "பிளேன் எறங்கட்டும், வாரேன்."

நீங்க பிளேன்காரர். ஒரு எட்டு வந்து, "பொன்னு, மேலே ஒண்ணுமில்லை, ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு"ன்னு சொன்னா கேப்பா. நான் சொன்னா, "நீ கோழியைப் பாரு"ங்கறா.

பதிலுக்குக் காத்திருக்கும்,
தீனா


பெங்களூரு
2 ஜூலை 2024

அன்பு மாப்பிள்ளை தீனாவுக்கு,

ஆசிகள். நான் நலம். முழங்கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்தி வெகு நாளாகிறது. தனப்பிரியாவுக்கு என் விசாரிப்பு.

உன் கடிதத்தைச் சனிக்கிழமை பாஜ்வா வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஓய்வு பெற்ற பைலட்டுகள் முன்பு ஒரு கூட்டமாகச் சேருவோம். இப்போது பாஜ்வா, மஸ்கரேனஸ், நான் மூவர்தான். மூவருக்கும் காது கிடையாது என்பதால் பேச்சு தடையில்லாமல் நடக்கும். யார் சொன்னதும் யாருக்கும் கேட்காது. கடிதத்தை இங்கிலீஷில் எழுதிக் காட்டினேன். அவ்வளவுதான், டீ ஆறிப்போயிற்று.

பாஜ்வா அது ஹண்டர் விமானம் என்றான். தூரத்தில் வரும்போது காலி பாட்டில் வாயில் ஊதினாற்போல ஊளையிடும். மஸ்கரேனஸ் இல்லை, தூஃபானி ஜெட் என்று மேஜையைத் தட்டினான். அவன் முதல்முதலாக ஜெட் ஏறின கதையையும் மறுபடி சொன்னான். அதுவரை முன்னால் விசிறி சுற்றும் விமானத்தில் தடதடவென்று பழகியவன். ஜெட்டில் மேலே போனதும் திடீரென்று அமைதி. இன்ஜின் நின்றுபோனது என்று நினைத்து, குதிப்பதற்கு மூடியைத் திறக்கப் போய்விட்டான்! ஜெட்டில் அப்படித்தான் மாப்பிள்ளை. சத்தமெல்லாம் பின்னால் தங்கிவிடும். ஓட்டுகிறவனுக்குப் பெரிதாகக் கேட்காது. கீழே இருப்பவர்களுக்குத்தான் கேட்கும்.

முடிவு சொல்ல எங்களுக்கு விவரம் போதாது. சத்தம் ஊளையா, கர்ஜனையா, விசிலா? கோழிகள் முதலில் எந்தப் பக்கம் பார்க்கின்றன? பதுங்குகின்றனவா, எழுந்து நிற்கின்றனவா? கோழிக்குக் காது நன்றாகக் கேட்குமா என்று பாஜ்வா கேட்கச் சொன்னான்.

பொன்னுவுக்கு என் அன்பு. டாக்டர் சொல்வதைக் கேட்கச் சொல்.

அன்புடன்,
காளியண்ணன்


புதுச்சத்திரம்
21 ஜூலை 2024

அன்பு மாமாவுக்கு வணக்கம்.

நாங்கள் சுகம்னு எழுதத்தான் ஆசை. தனப்பிரியாவுக்குச் சாயங்காலமானா கையும் ஓடலை காலும் ஓடலை. அடுப்பில் எதையாவது வெச்சுட்டு வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் நடக்கறா. ஒரு வாரமா ரசத்தில் உப்பு இல்லை, இல்லேன்னா உப்பில் ரசம்.

"வாங்க"ன்னு எழுதினேன், அதுக்கு மட்டும் பதில் காணோம். கோழிக்குக் காது கேக்குமான்னு மூணு ஏர்போர்ஸ் ஆபீசர்கள் கேட்டிருக்கீங்க. பாஜ்வா சாருக்குச் சொல்லுங்க, உங்க மூணு பேரையும் விட நல்லாக் கேக்கும்.

ஆராய்ச்சி பண்ணினேன். ஷெட்டுக்குள்ளே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கோழிகளுக்கு எதிரே டார்ச்சோட உக்காந்தேன். கதிர்வேல் பார்த்துட்டு, "வகுப்பு எடுக்கறீங்களா சார்?"னான். அப்போ சட்டுனு கோழிங்க வாயடைச்சது. எல்லாமே கிழக்கே, கொல்லிமலைப் பக்கம் கழுத்தைத் திருப்பிச்சு. அப்படியே பதுங்கிச்சு. கதிர்வேல் கையில் இருந்த முட்டை அட்டையைக் கீழே வெச்சான்.

மாமா, எனக்கும் கேட்டுது.

குக்கரில் விசில் வர்றதுக்கு முன்னாடி மெல்ல ஒரு முனகல் கிளம்பி ஏறுமே, அது மாதிரி. ஆனா வானத்து அளவுக்கு. தலைக்கு மேலே வந்து, வட்டமடிச்சு, போயிருச்சு. நான் நாற்காலியோட கீழே விழுந்து கிடந்தேன். வெளியே அம்மா வேட்டிக்குப் பக்கத்தில் நின்னுக்கிட்டுக் கையை ஆட்டறா. டாடா காட்டற மாதிரி இல்லீங்க, வா வான்னு.

T போடச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானாமே? "அண்ணன்தான் பழக்கி உட்டாரு. எனக்கு இணைச்சீர்தான் செய்யலை, இதையாச்சும் செஞ்சாரு"ன்னா. நீங்க மாமியைப் பெங்களூரில் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டதை அம்மா இன்னும் மறக்கலை. அண்ணன் கல்யாணத்தில் கூறைப்புடவையோட ஒரு முனை அண்ணன் கக்கத்திலும் மறுமுனை தன் கையிலுமா, இடுப்பில் பேழைமூடிக் கூடையோட நிக்கற அந்தச் சீர் தனக்குக் கிடைக்கலைன்னு, ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தி முடியறதுக்குள்ளே நாலு பேர்கிட்டச் சொல்லிருவா.

ஆஸ்பத்திரி பேச்சை எடுத்தா எழுந்து போயிர்றா. வாங்க மாமா. கார் அனுப்பறேன்.

அன்புள்ள,
தீனா


பெங்களூரு
10 ஆகஸ்ட் 2024

அன்பு தீனாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ எழுதின சத்தம் வேம்பயர் ஜெட்டுடையது. குக்கர் முனகல் என்று படித்ததும் மஸ்கரேனஸ் மேஜையைத் தட்டவில்லை. வேம்பயரின் இன்ஜின் அப்படித்தான் முனகும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள், அந்த ஜெட்டின் முன்பாதி மரம். ஒட்டுப்பலகை. மூக்கைத் தட்டினால் கதவைத் தட்டினாற்போலச் சத்தம் வரும். வால் பக்கம் தரைக்கு அவ்வளவு தாழ்வு. ஒரே இடத்தில் நிறுத்தி ஓட்டினால் பின்னால் புல் கருகிவிடும். நாங்கள் ஓட்டின ஒற்றை ஆள் விமானத்தில், ஆபத்து என்றால் ஆளைத் தூக்கி வெளியே எறிகிற நாற்காலியும் கிடையாது. மூடியைத் திறந்து, விமானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாமே விழவேண்டும். மேகத்துக்குள் எது மேல், எது கீழ் என்று தெரிந்தால்தானே கவிழ்ப்பது.

அறுபது வருடமாகிறது. நம் ஊர்ப் பக்கம் இப்போது வேம்பயர் பறக்க வழியே இல்லை.

பொன்னு துணியை எந்தத் திசையில் தலை வைத்து விரிக்கிறாள்?

காளியண்ணன்


புதுச்சத்திரம்
25 ஆகஸ்ட் 2024

அன்பு மாமாவுக்கு வணக்கமுங்க.

அம்மா அப்படியேதான் இருக்கா. மாடிப்படி ரெண்டு ஏறினா மூச்சு வாங்குது. "படிதான் ஒசரமாயிருச்சு"ங்கறா.

திசை கேட்டிருந்தீங்க. கிழக்கே தலை, கொல்லிமலையைப் பாத்து. T-யோட தலை காத்து வர்ற பக்கம் இருக்கணும், அப்போதான் பிளேன் காத்துக்கு எதிரா இறங்கும்னு இன்டர்நெட்டில் போட்டிருந்தது. ஆடி ஆவணியில் இங்கே மேக்காலே காத்து, ஆளையே தூக்குது. "அம்மா, தலைகீழாப் போட்டிருக்கே"ன்னு பெரிய இன்ஜினியர் மாதிரி சொன்னேன். "அன்னிக்கு இப்படித்தான் காத்து"ன்னா. என்னிக்குன்னு கேட்டா, அடுத்த மூலைக்குக் கல் வெக்கப் போயிட்டா.

சரின்னு சின்னாயியைப் பிடிச்சேன். முட்டை பொறுக்கற சின்னாயி; அம்மா சின்னப் பொண்ணா இருந்த காலத்திலிருந்து கூட இருக்கறவ. ஊர்வம்பு கேக்கறதில் எனக்கு இருக்கற பொறுமை வேற எதிலும் கிடையாது. வெத்தலை வாங்கிக் குடுத்து, சுத்தி வளைச்சு, கடைசியில் அவ ஒரு பேரைச் சொன்னா: அருணகிரி. எடப்பாடிக்காரர். உங்களோட பிளேன் ஓட்டினவர். அம்மாவுக்கு நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை. கொண்டுவந்தது நீங்க.

ஐம்பத்திரண்டு வருசமா இந்த வீட்டில் சோறு திங்கறேன், எனக்கு இது தெரியாது மாமா. எங்கப்பாவுக்குத் தெரியுமான்னு கேட்டேன். "உங்கப்பாருக்குத் தெரிஞ்சுதான கட்டுனாரு. தங்கமான மனுசன்"னா. அப்புறம் அவளே கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அண்ணனுந்தான் அத்தோட போயிட்டாரு"ன்னா. "அவருதான் பெங்களூர்ல உயிரோட இருக்காரே"ன்னேன். என்னை ஒரு பார்வை பாத்துட்டு முட்டைக் கூடையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

அன்னிக்கு என்ன நடந்தது? அம்மா அவரையா கூப்பிடறா?

தீனா


புதுச்சத்திரம்
13 அக்டோபர் 2024

மாமாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. ஒண்ணரை மாசமா தபால்காரர் சைக்கிள் மணி கேட்டா வாசலுக்கு ஓடறேன். உங்க சுகத்தைக் கேட்டுத் தனியா வேற எழுதணுமான்னு தெரியலை. கேட்டேன்னு வெச்சுக்குங்க.

நேத்து அம்மா வேட்டி விரிக்கறப்போ அப்படியே சாஞ்சுட்டா. சின்னாயி பிடிச்சதால தலை அடிபடலை. கண்ணு முழிச்சதும் முதல் வார்த்தை, "துணி நனையுது பாரு, தூறல் போடுது." சேலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம், பேஸ்மேக்கருக்குக் கையெழுத்துப் போடச் சொன்னா போட மாட்டேங்கறா. நான் அழுதேன் மாமா. என் அழுகை பாக்கச் சகிக்காது, தனப்பிரியாவே சொல்லியிருக்கா. அம்மா என் வழுக்கையைத் தடவிக் குடுத்து, "இன்னுங் கொஞ்சம் பொறு சாமி"ன்னா. எதுக்குப் பொறுக்கறதுன்னு சொல்லலை.

சாவு வீட்டுக்கு மட்டும் வந்து, மாலை போட்டு, தண்ணி கூடக் குடிக்காம திரும்பிப் போறது உங்க பழக்கம். எங்கப்பா சாவுக்கு அப்படித்தான் வந்தீங்க. இந்தத் தடவை அதுக்கு முன்னாடியே வாங்க.

தீனதயாளன்


பெங்களூரு
30 அக்டோபர் 2024

அன்பு தீனா,

உடல் நலம். மற்றதை எழுத மூன்று தாள் கிழித்தேன்.

நவம்பர் மாதம், வாடைக்காற்று. பெங்களூரிலிருந்து திருச்சி வரை பறந்து, அங்கிருந்து சூலூரில் இறங்கும் பயிற்சி. இரண்டு வேம்பயர். முன்னால் நான், என் பக்கத்தில் அருணகிரி. வழி பார்ப்பது முன்னால் போகிறவன் வேலை. அவன் இறக்கையைப் பார்த்துக்கொண்டே ஒட்டி வருவது இரண்டாமவன் வேலை. அவன் வேறெதையும் பார்க்கக் கூடாது.

வழியில் நம் ஊர். அந்த நாட்களில் நம் பக்கம் வரும்போதெல்லாம் முன்கூட்டிக் கார்டு போடுவேன். பொன்னு நம் காட்டு நிலத்தில் T விரித்து வைப்பாள். நாங்கள் தாழ வந்து இறக்கையை ஆட்டிவிட்டுப் போவோம். "உன் தங்கச்சி கோணலாப் போடறா. அந்தக் கோணலுக்கே ஒருநாள் எறங்கீர்றேன் பாரு" என்று அருணகிரி ரேடியோவில் சிரிப்பான். அன்றும் சிரித்தான். பாவாடை தாவணியில் அவள் கையை ஆட்டினது எனக்கு இப்போதும் தெரிகிறது.

கொல்லிமலை தாண்டுவதற்குள் மேகம். உள்ளே போகும்போது இரண்டு பேர். வெளியே வந்து பக்கத்தில் பார்த்தேன், வெறும் வெள்ளை. கூப்பிட்டேன். எரிபொருள் இருந்தவரை மேகத்துக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டேன். பிறகு சூலூரில் தனியாக இறங்கினேன். மலையெல்லாம் தேடினார்கள். ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை. யார் மேலும் தவறில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். அது சரியான முடிவுதான்; பலமுறை சரிபார்த்துவிட்டேன்.

ஊருக்குத் தந்தி ஏர்போர்ஸ் ஆபீசிலிருந்து போயிற்று. நான் போகவில்லை. பிறகு போகிறதற்கு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த முழங்காலோடு நீண்ட பயணம் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்கிறார். பொன்னுவிடம் நான் சொன்னதாக ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடச் சொல்.

காளியண்ணன்


புதுச்சத்திரம்
10 நவம்பர் 2024

மாமாவுக்கு வணக்கம்.

கடிதத்தை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். காட்டலாமான்னு ரெண்டு நாள் வீட்டைச் சுத்திச் சுத்தி நடந்தேன், அப்புறம்தான் படிச்சேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா. "கோணலா?"ன்னு மட்டும் ஒரு தடவை கேட்டா. கடைசியில் முழங்கால் பத்தி நீங்க எழுதினதுக்குச் சிரிச்சா.

அப்புறம், "நான் சொல்றேன், எழுது"ன்னா. ஒரு வார்த்தை மாத்தாம எழுதறேன்:

"அண்ணனுக்குப் பொன்னாத்தா. ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்கறோம். காத்து இப்போ மாறிருச்சுங்கண்ணா, கெழக்கால இருந்து வருது. துணி இனி சரியாக் கெடக்கும். கோணலில்லாமப் போட்டு வெக்கறேன். எறங்கறதுன்னா இதுதான் சமயம்."

அவ்வளவுதான். யாருக்குச் சொல்றான்னு எனக்குப் புரியலை. எனக்குப் பயமா இருக்கு மாமா.

தீனா


புதுச்சத்திரம்
8 டிசம்பர் 2024

அன்பும் மரியாதையும் கொஞ்சம் கோபமும் உள்ள மாமாவுக்கு,

எல்லாரும் சுகம். இந்தத் தடவை நிஜமாவே சுகம்.

இத்தனை மாசமா வாங்க வாங்கன்னு கெஞ்சினவன் நான். கடைசியில் நான் நாமக்கல்லில் கோழிக்குத் தடுப்பூசி வாங்கப் போன நேரம் பார்த்து வந்து நின்னீங்களே! வந்து பார்த்தா வாசலில் வேன். ஷெட்டுக்குள்ளே தலைப்பாகை கட்டின பெரியவர் ஒருத்தர் கோழியோட நேருக்கு நேர் பேசிட்டிருக்கார். இன்னொரு பெரியவர் தனப்பிரியாகிட்ட எத்தனையாவதோ ஆம்லெட் வாங்கிட்டிருக்கார். நீங்களும் அம்மாவும் நாற்காலி போட்டு உக்காந்திருக்கீங்க. நிலத்தில் T இல்லை. என் ரெண்டு வேட்டியும் மடிச்சு அம்மா மடியில்.

மறுநாள் காலையில் நான் பல்லு விளக்கறதுக்குள்ளே அம்மா கார்ல ஏறி உக்காந்து ஹாரன் அடிச்சா. "சேலம் போறதுன்னா நேரத்துல போலாம்"ன்னா. பேஸ்மேக்கர் வெச்சாச்சு. வீட்டுக்கும் வந்தாச்சு. "இது சத்தம் போடுமா? கோழி பயந்துக்குமே"ன்னு டாக்டரையே கேட்டா. தோல்முட்டையும் நின்னுருச்சு. கதிர்வேலுக்குத்தான் கேலி பண்ண ஒண்ணும் கிடைக்காம முகம் வாடிப் போச்சு.

அன்னிக்கு நிலத்தில் என்ன பேசினீங்க? அம்மாகிட்ட கேட்டா, "அண்ணன் தங்கச்சிக்குள்ள ஆயிரம் இருக்கும்"ங்கறா. சின்னாயி கூட இருந்திருக்கா, அவளுக்கு வெத்தலை வாங்கியே நான் ஓய்ஞ்சுட்டேன், வாயைத் திறக்கலை. என் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் எனக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்குன்னா எனக்குத் தூக்கம் வராது.

தூங்காத,
தீனா


பெங்களூரு
20 டிசம்பர் 2024

அன்பு மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். பொன்னு வீடு திரும்பினாள் என்று படித்துச் சனிக்கிழமை பாஜ்வா இனிப்பு வாங்கினான். மூவருக்கும் சர்க்கரை. தின்றோம்.

நீ தூங்குவதற்காக எழுதுகிறேன். அவள் சொல்லி நீ எழுதின கடிதத்தை அவர்களுக்குக் காட்டினேன். பாஜ்வா எழுந்து போய் வேனுக்குச் சொல்லிவிட்டு வந்தான். "நீ தனியாகப் போகமாட்டாய், வழியிலேயே திரும்பிவிடுவாய். இரண்டு பக்கமும் நாங்கள் ஒட்டி வருகிறோம்" என்றான். சேலம் தாண்டினதும் நான் திரும்பலாம் என்று சொன்னது நிஜம். இருவருக்கும் காது கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் வேண்டுமென்றே.

நிலத்துக்குப் போனபோது பொன்னு குனிந்து கல் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. "அந்தக் கல்லை எடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததைச் சொன்னேன்: "பொன்னு, அருணகிரி வரமாட்டான்."

நிமிர்ந்தாள். "அது எனக்குத் தெரியாதுங்களாண்ணா? அவரு போயிட்டாருன்னு அன்னிக்கே மனசுக்குத் தெரியும். தீனா அப்பனைக் கட்டி, நல்லா வாழ்ந்து, பெத்த பையன் தலை வழுக்கையாகறதையும் பாத்துட்டேன். அவருக்கு எதுக்கு நான் இப்போ துணி விரிக்கறேன்?"

"அப்புறம் யாருக்கு?"

"அன்னிக்கு இந்தப் பக்கமா ரெண்டு பிளேன் போச்சு. ஒண்ணு விழுந்துருச்சு. இன்னொண்ணு இன்னும் எறங்கலீங்கண்ணா. சுத்திக்கிட்டேதான் இருக்குது. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

ஓட்டுகிறவனுக்குக் கேட்காது என்று உனக்கு எழுதினவனே நான்தான்.

காற்று கிழக்கிலிருந்து வந்தது. துணி நேராக, கோணலே இல்லாமல் கிடந்தது. பிறகு நான் சொன்னேன், விமானதளத்தில் ஒரு வழக்கம் உண்டு, அன்றைய கடைசி விமானம் இறங்கிவிட்டால் T-யை எடுத்து மடித்துவிட வேண்டும் என்று.

"அப்படீன்னா மடிக்கலாமுங்களா?" என்றாள்.

நீள வேட்டியின் ஒரு முனையை அவள் எடுத்தாள். மறுமுனை எனக்கு. ஒரு கையில் கைத்தடி, ஒரு கையால் பிடித்தால் காற்று இழுக்கிறது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள். என் கக்கத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.

"ஏ சின்னாயி, இங்க வா. அந்த முட்டைக் கூடையைக் குடு."

வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பேழைமூடிக்கு இது போதும்" என்றாள். சின்னாயி பல்லில்லாத வாயால் குலவை போட்டாள். எண்பத்து நான்கு வயதில் எனக்கு இணைச்சீர் ஆயிற்று மாப்பிள்ளை. முட்டை ஒன்றும் உடையவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம். இடுக்கி நின்றபோது என் காது மெஷின் விசிலடித்தது. கழற்றிப் பாக்கெட்டில் போட்டுவிட்டேன். அதன் பிறகு எனக்கு எதுவும் கேட்க வழியில்லை. ஆனால் கேட்டது. கிழக்கே மெல்லக் கிளம்பி, தலைக்கு மேலே வந்து, இந்தத் தடவை வட்டமடிக்காமல், தணிந்து, தணிந்து, நின்றது. மெஷினாக இருக்குமோ என்று பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். அணைந்திருந்தது. பொன்னுவின் முகத்தைப் பார்த்தேன். அவள் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்கு வருகிறேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன். ரசத்தில் உப்பு போடச் சொல்.

அதற்குள் ஒரு உதவி. அன்று சாயங்காலம் கோழிகள் எந்தப் பக்கம் பார்த்தன என்று தனப்பிரியாவிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் மாமா
காளியண்ணன்